கூசி கோட்டை: பரம்பரைச் சொத்து விலைக்குப் போன கதை

பாரிஸுக்கு வடகிழக்கே, லான் நகரிலிருந்து காரில் 30 கிலோமீட்டர் போனால் கூசி-லெ-ஷாட்டோ வரும். சின்ன ஊர்தான், ஆனால் மதில் பெரிது. இங்கே 13ஆம் நூற்றாண்டில் கூசியின் பிரபு மூன்றாம் ஆங்கெரான் கட்டிய நடுக்கோபுரம் 55 மீட்டர் உயரம், 31 மீட்டர் அகலம். 1917 மார்ச்சில் பின்வாங்கிய ஜெர்மன் படை அதை 28 டன் வெடிமருந்து வைத்துத் தகர்த்துவிட்டது. இப்போது அங்கே இருப்பது வெளிறிய சுண்ணாம்புக்கல் குவியல், இடுக்கெல்லாம் செடி கொடி. சில கற்களில் உளி பட்ட கோடுகூடத் தெரிகிறது.

"நான் அரசனுமில்லை, இளவரசனுமில்லை, டியூக்கோ கவுண்டோ இல்லை, நான் கூசியின் பிரபு" என்பது இந்தக் குடும்பத்தின் முழக்கம். திமிர்தான். ஆனால் வம்சாவளியைப் பார்த்தால் அந்தத் திமிர் பெண்வழியில்தான் உயிர் பிழைத்திருக்கிறது. நான்காம் ஆங்கெரான், தன் காட்டில் வேட்டையாடியதற்காக மூன்று இளைஞர்களைத் தூக்கிலிட்டு ஒன்பதாம் லூயி மன்னரிடம் மாட்டிக்கொண்டு பெரும் அபராதம் கட்டியவர், 1311இல் பிள்ளையில்லாமல் செத்துப் போனார். நேர் ஆண்வழி அத்தோடு சரி. வடக்குப் பிரான்சின் கீன் பகுதியை ஆண்ட கவுண்டுக்கு வாழ்க்கைப்பட்ட அவருடைய சகோதரி அலிக்ஸின் மகன் வந்து ஐந்தாம் ஆங்கெரான் என்று பெயர் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ரத்தம் கீன் குடும்பத்துடையது, பெயர் மட்டும் பழையது.

எனக்குப் பிடித்தவர் ஏழாம் ஆங்கெரான். பிரெஞ்சு மன்னரின் மீட்புத் தொகைக்குப் பிணையாக 1360இல் இங்கிலாந்து போன ஆள், 1365இல் அந்த நாட்டு அரசர் மூன்றாம் எட்வர்டின் மகள் இசபெல்லாவையே கட்டிக்கொண்டார். அப்புறம், ஆஸ்திரிய ஹாப்ஸ்பர்க் குடும்பத்தில் பிறந்த தாய் காத்தரீனுடைய பங்கு வரவேண்டியிருக்கிறது என்று 1375இல் கூலிப்படையைத் திரட்டிக்கொண்டு சுவிஸ் பக்கம் போனார். போன இடமெல்லாம் கொள்ளை, பட்டினி; டிசம்பர் கடைசியில் ஃபிரௌபுருன்னனில் பெர்ன்காரர்கள் அடித்து விரட்டினார்கள். பங்கு கேட்கப் போன இடத்தில் ஊர்க்காரர்களைக் கொளுத்துவது எந்த ஊர் நியாயமோ!

1377இல் மாமனார் எட்வர்ட் இறந்ததும் இங்கிலாந்தில் கிடைத்த பட்டங்களைத் திருப்பிக் கொடுத்தார். மூத்த மகள் மரீ பிரான்சில், இளையவள் ஃபிலிப்பா இங்கிலாந்தில் என்று குடும்பமே இரண்டு நாடாகிவிட்டது. இரண்டாவது மனைவிக்கும் ஒரு மகள், இசபெல். மகன் மட்டும் இல்லை. 1396இல் ஒட்டோமான்களுக்கு எதிரான சிலுவைப்போருக்குப் போய், இன்றைய பல்கேரியாவிலுள்ள நிக்கோபொலிஸில் அவர்கள் படையிடம் சிறைப்பட்டு, மறு வருடம் பிப்ரவரியில் துருக்கியின் பூர்சாவில் உயிரை விட்டார். அதே படையெடுப்பில் போன மருமகன், மரீயின் கணவர் ஆன்றி தெ பாரும் திரும்பவில்லை. அப்பாவும் போய், கணவரும் போய், எல்லையோரத்தில் இவ்வளவு பெரிய கோட்டையை வைத்துக்கொண்டிருக்கும் ஒரு விதவையை யார் சும்மா விடுவார்கள்? பிரெஞ்சு மன்னரின் தம்பி, ஓர்லியான் டியூக் லூயி, 1400இல் கூசியை அவரிடமிருந்து விலைக்கு வாங்கினார்.

சிற்றன்னை மகள் இசபெல் பாகம் கேட்டு வழக்குப் போட்டார். மரீ இறந்த பிறகும் இழுத்த அந்த வழக்கில் 1408இல் 'பாரிஸ் பார்லமெண்ட்' என்ற உயர் நீதிமன்றம் இசபெலுக்குப் பங்கு உண்டு என்று தீர்ப்பளித்தது. ஆனால் சில வருடங்களில் அவரும் காலமானார். 1498இல் ஓர்லியான் லூயியின் பேரன் பன்னிரண்டாம் லூயியாக அரியணை ஏறியபோது, 'அரசனுமில்லை' என்றவர்களின் கூசி அரசருக்கே சேர்ந்துவிட்டது.

மேல்மாடியில் ஏழாமவர் கட்டத் தொடங்கிய பெரிய மண்டபத்தின் சுவரைத் தவறவிடாதீர்கள், கூரை இல்லாவிட்டாலும் அளவு புரியும். நேரமிருந்தால் பியெர்ஃபோன் போய்வரலாம், காரில் ஒரு மணி நேரத்துக்குள்தான். அதுவும் கூசியை வாங்கிய அதே லூயி கட்டிய கோட்டை. 19ஆம் நூற்றாண்டில் புதுப்பித்ததால் கோபுரமெல்லாம் முழுசாக நிற்கிறது. கட்டி முடிக்கும் முன்பே, 1407இல், பாரிஸ் தெருவில் லூயியை வெட்டிக் கொன்றுவிட்டார்கள்.