மாத்திரை அட்டை சட்டைப்பையிலேயே இருந்தது

"வேற ஏதாவது மாத்திரை எடுக்கறீங்களாண்ணா?" என்று கருத்தரிப்பு மையத்து நர்ஸ் கேட்டது 2022 ஜூனில். "வயித்துக்கு ஒண்ணு எடுக்கறேங்க" என்றேன். ஏதோ கேஸ் மாத்திரை என்று நினைத்திருக்க வேண்டும். படிவத்தில் மாத்திரை என்ற கட்டத்தில் "இல்லை" என்று எழுதிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். அந்த "இல்லை" தப்பு என்று தெரிய எங்களுக்குப் பதினான்கு மாதம் ஆனது.

எனக்கு 2017-லிருந்து அல்சரேட்டிவ் கொலைடிஸ். பெருங்குடலில் புண், ரத்தமாகப் போகும். சல்ஃபாசலசின் 500 மி.கி., மூன்று வேளையும் இரண்டிரண்டு. சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும் என்பதைத் தவிர அந்த மாத்திரையால் எனக்கு ஒரு தொந்தரவும் இருந்ததில்லை. அதனால்தான் அதை ஒரு மருந்தாகவே நினைக்காமல் போய்விட்டேன். காலையில் பல் விளக்குவது மாதிரி அதுவும் ஒரு வேலை.

கல்யாணம் 2020-ல். இரண்டு வருஷம் கழித்து ஈரோட்டில் ஒரு கருத்தரிப்பு மையத்துக்குப் போனோம். போன அன்றைக்கே என் மனைவிக்கு மட்டும் எட்டு டெஸ்ட் எழுதினார்கள். தைராய்டு, ஹார்மோன், மாதாமாதம் ஸ்கேன், அப்புறம் கருக்குழாயில் சாயம் விட்டு எடுக்கிற எக்ஸ்ரே. அது முடிந்து வெளியே வந்தவள் என் கையைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிஷம் பேசவே இல்லை. எல்லாம் நார்மல். எனக்கு விந்துப் பரிசோதனை எழுதியதே எட்டு மாதம் கழித்துத்தான். அறுநூறு ரூபாய் டெஸ்ட், ஊசி கிடையாது, வலி கிடையாது. முதல் நாளே எழுதியிருக்க வேண்டியது. உங்களுக்கு எழுதவில்லை என்றால் நீங்களே கேட்டு வாங்குங்கள்.

அதிலும் என் பங்குக்கு ஒரு கூத்து. விந்தைச் சேர்த்து வைத்தால் எண்ணிக்கை கூடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு பன்னிரண்டு நாள் விரதம் இருந்துவிட்டுப் போனேன். 2 முதல் 7 நாள்தான் கணக்கு. அதற்கு மேல் போனால் பழைய விந்தணு தேங்கி அசைவு குறையும். சரி என்று மறுபடியும் போனால், அந்த லேபில் மாதிரி எடுக்கிற இடம் ஒரு கழிவறை. தாழ்ப்பாள் உடைந்து, கட்டுப் போடுகிற துணியால் கதவை ஆணியில் கட்டி வைத்திருந்தார்கள். வெளியே யாரோ "உள்ள ஆள் இருக்காங்களா?" என்று தட்டிக்கொண்டே இருந்தார். முடியவில்லை. வீட்டில் எடுத்து பஸ்ஸில் கொண்டுபோனேன், ஒன்றேகால் மணி நேரம். ஒரு மணி நேரத்துக்குள் கொடுத்திருக்க வேண்டும். தாமதம் என்று அவர்கள் திருப்பி அனுப்பவில்லை. காசை வாங்கிக்கொண்டு "அசைவு 4%" என்று அடித்துக் கொடுத்துவிட்டார்கள். அந்தத் தாளை வைத்துக்கொண்டு இரண்டு வாரம் நான் தூங்கவில்லை.

மூன்றாவது தடவை வேறு லேபில் ஒழுங்காகக் கொடுத்தேன். ஒரு மில்லிக்கு 6 மில்லியன், அதாவது 60 லட்சம், அசைவு 18%. உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டுப்படி கீழ் வரம்பு 16 மில்லியன், அசைவு 42%. மையத்தில் அதைப் பார்த்துவிட்டு யாரும் "ஏன்?" என்று கேட்கவில்லை. "நேரா இக்சி பண்ணிடலாம் சார், கவுன்ட்டர்ல இருபத்தஞ்சாயிரம் அட்வான்ஸ் கட்டிடுங்க" என்றார்கள். இக்சி என்றால் ஒரு விந்தணுவை ஊசியால் கருமுட்டைக்குள் செலுத்தி லேபில் கருவாக்குவது. அட்வான்ஸைக் கட்டினேன். பயத்தில் இருக்கிறவன் கவுன்ட்டரில் கேள்வி கேட்க மாட்டான்.

மாமனார் வழியில் ஒருவர் சொல்லி, இக்சிக்கு முன்னால் இன்னொரு டாக்டரைப் பார்த்தோம். ஊரும் பேரும் வேண்டாம். ரிப்போர்ட்டை அரை நிமிஷம் பார்த்தார். "ஆண் ஹார்மோன் கம்மி, ஊசி போட்டா சரியாயிடும்" என்றார். ரத்தத்தில் ஹார்மோன் பார்க்கவே இல்லை. டெஸ்டோஸ்டிரோன் 250 மி.கி., மூன்று வாரத்துக்கு ஒன்று. இரண்டு ஊசி போட்டுக்கொண்டேன். உடம்பு தெம்பாகத்தான் இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். பரவாயில்லையே என்று நானே நினைத்தேன்.

2023 ஆகஸ்டில் கோவையில் ஒரு ஆண்ட்ராலஜிஸ்ட், அதாவது ஆண்களின் குழந்தையின்மையைப் பார்க்கிற டாக்டர். என் மனைவிதான் தேடிப் பிடித்தாள். "எனக்கு எல்லாம் பார்த்தாச்சு, உங்களுக்குன்னு ஒரு டாக்டர் பார்க்கலாங்க" என்றாள். முந்தின வாரமே ரத்தம் கொடுத்து ஹார்மோன் ரிப்போர்ட்டோடு வரச்சொல்லியிருந்தார்கள். பதினோரு மணி அப்பாயின்ட்மென்ட், உள்ளே போகும்போது மணி இரண்டு.

அவர் ரிப்போர்ட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எவ்வளவு ஊசி போட்டீங்க?" என்றார். நான் சொல்லவே இல்லை. விரையை வேலை செய்ய வைக்கிற எல்.எச்., எஃப்.எஸ்.எச். ஹார்மோன் இரண்டும் ஒன்றுக்குக் கீழே கிடக்க, டெஸ்டோஸ்டிரோன் மட்டும் மேலே இருந்தது. அதை வைத்தே பிடித்துவிட்டார். வெளியிலிருந்து ஹார்மோன் போனால், "போதுமான அளவு இருக்கிறது" என்று மூளையில் இருக்கிற பிட்யூட்டரி சுரப்பி விரைக்கு உத்தரவு அனுப்புவதையே நிறுத்திவிடுமாம். ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு டெஸ்டோஸ்டிரோன் விரைக்குள்ளே இருந்தால்தான் விந்தணு உருவாகும். உள்ளே சுரப்பது நின்றால் உற்பத்தியும் நிற்கும். "வாரம் 200 மி.கி. போட்டு இதை ஆம்பளைங்களுக்கான கருத்தடையாவே உலக சுகாதார நிறுவனம் சோதிச்சுப் பார்த்திருக்கு, 1990-ல ரிசல்ட் வந்தது. நீங்க குழந்தைக்காகக் கருத்தடை ஊசி போட்டிருக்கீங்க" என்றார். சிரிக்கவில்லை. எனக்குத்தான் சிரிப்பு மாதிரி ஏதோ வந்தது.

"ஆனா ஊசிக்கு முன்னாடியே ஆறுதானே இருந்திருக்கு..." என்று அவர் பழைய தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். மதிய மாத்திரைக்கு நேரமாகிவிட்டதே என்று சட்டைப்பையிலிருந்து அட்டையை எடுத்து வெளியே வைத்திருந்தேன். அவர் கண் அதில் விழுந்தது.

"அது என்னது?"

"வயித்துக்குங்க சார்."

வாங்கிப் பார்த்தார். பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "எத்தனை வருஷமா?"

ஆறு வருஷம். இந்த மாத்திரை பெருங்குடலுக்குப் போய் இரண்டாகப் பிரியும். ஒரு பாதி புண்ணை ஆற்றும். இன்னொரு பாதி, சல்ஃபாபிரிடின், ரத்தத்தில் கலக்கும். விந்தணுவின் எண்ணிக்கை, அசைவு, வடிவம் மூன்றையும் கெடுப்பது அதுதான். நிறுத்தினால் பெரும்பாலும் பழைய நிலைக்கு வந்துவிடும். இது 1979-லேயே மருத்துவ இதழில் வந்த விஷயமாம். நான் பிறப்பதற்குப் பத்து வருஷம் முன்னால்! மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளிலும் இருக்கிறது. ஆனால் நம் மெடிக்கலில் பெட்டியையா கொடுக்கிறார்கள்? அட்டையைக் கத்தரித்துக் காகிதக் கவரில் போட்டுக் கொடுக்கிறார்கள். ஆறு வருஷத்தில் அந்தத் தாளை ஒருமுறைகூட நான் பார்த்ததில்லை.

"குடல் டாக்டர்கிட்ட லெட்டர் தரேன், அவர்தான் மாத்தணும், நீங்களா நிறுத்தாதீங்க" என்று இரண்டு தடவை சொல்லி அனுப்பினார். நான் அன்று ராத்திரியே நிறுத்தினேன். இதில் யாரையும் குறை சொல்ல முடியாது, முழுக்க என் அவசரம். மூன்றே வாரம். ஒரு நாளைக்கு ஒன்பது தடவை, எல்லாம் ரத்தம். பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு 40 மி.கி.யில் ஆரம்பித்து வாரம் ஐந்தைந்தாகக் குறைத்து எட்டு வாரம் ஓடியது. முகம் பூசணிக்காயாக ஊதிப்போய் தீபாவளிக்கு யார் வீட்டுக்கும் போகவில்லை. இதைப் படித்துவிட்டு மாத்திரையைத் தூக்கி எறியப் போகிறவர்களுக்காகத்தான் இவ்வளவு விவரம்.

குடல் டாக்டர் மெசலமைனுக்கு மாற்றினார். புண்ணை ஆற்றுகிற பாதி மட்டும் தனியாக. செலவு எனக்கு ஏறக்குறைய மூன்று மடங்கு. "இதை ஏன் சார் முன்னாடியே சொல்லலை?" என்று கேட்டேவிட்டேன். "2017-ல உங்களுக்குக் கல்யாணம் ஆகலையே, அப்புறம் ஆச்சுன்னு நீங்க சொல்லலையே" என்றார். கோபம் வந்தது, ஆனால் அவர் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. மூட்டு வாதத்துக்கு இதே மாத்திரையை எடுப்பவர்களுக்கு மெசலமைன் உதவாது. மாற்று வேறு, அதை அந்த டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

அப்புறம் காத்திருப்பு. விந்தணு ஒன்று உருவாக எழுபது சொச்ச நாள், முதிர்ந்து வெளியே வர இன்னும் சில வாரம். மூன்று மாதத்துக்குள் டெஸ்ட் எடுப்பது காசுக்குக் கேடு. கோவை டாக்டரின் வராந்தா பெஞ்சில் எனக்கு நல்ல பழக்கமானவர்கள் உண்டு. ஜிம் ஊசி போட்டு எண்ணிக்கை பூஜ்யமான ஒரு பையன். முடி கொட்டுவதற்கு ஃபினாஸ்டெரைடு எடுத்ததை ஆறு மாதமாகச் சொல்லாமல் மறைத்த ஒருத்தர், "முடிக்கும் இதுக்கும் என்னங்க சம்பந்தம்?" என்பார். ஒருநாள் கல்லூரிப் பையன் ஒருவன் அப்பாவோடு வந்திருந்தான். நிணநீர்ச் சுரப்பியில் புற்றுநோய், மறுநாள் கீமோ ஆரம்பம். அவனுடைய புற்றுநோய் டாக்டரே, முதலில் விந்தைக் கொடுத்து உறைய வைத்துவிட்டு வா என்று அனுப்பியிருக்கிறார். கீமோ மருந்துகளில் சில, சைக்ளோஃபாஸ்ஃபமைடு மாதிரி, உற்பத்தியை நிரந்தரமாகவே நிறுத்திவிடக்கூடும். அந்த அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஆனால் அவர்களிடம் ஒருவர் சரியான நேரத்தில் சொல்லியிருந்தார்.

டிசம்பரில் 11 மில்லியன். ஊசியின் பாதிப்பும் சேர்ந்து விலக வேண்டியிருந்ததால் மெதுவாகத்தான் ஏறும் என்று கோவை டாக்டர் சொல்லியிருந்தார். 2024 மார்ச்சில் 31, அசைவு 48%. லேப் வாசலில் நின்றுகொண்டே மனைவிக்கு போன் போட்டேன். "ஏங்க, நம்ம ரிப்போர்ட்தானா, பேரைப் பாருங்க" என்றாள். பார்த்தேன். என் பேர்தான்.

ஜூனில் கோடு இரண்டு விழுந்தது. இக்சி இல்லை, ஒன்றும் இல்லை. இப்போது பத்தாவது வாரம். அம்மாவிடம் மட்டும் சொல்லியிருக்கிறோம்.

அந்த இருபத்தைந்தாயிரத்தைக் கேட்கப் போன வாரம் மையத்துக்குப் போனேன். கவுன்ட்டரில் ரசீதைத் திருப்பி, பின்பக்கம் பொடி எழுத்தில் "முன்பணம் திருப்பித் தரப்படமாட்டாது" என்று இருப்பதைக் காட்டினார்கள். சரி, என் ஃபைலின் நகலையாவது கொடுங்கள் என்றேன். அதற்கு நூற்றைம்பது ரூபாய். கட்டி வாங்கினேன். முதல் பக்கத்தில், மாத்திரை என்ற கட்டத்தில், நீல மையில் அந்த "இல்லை" அப்படியே இருக்கிறது.