கோவாவில் நடந்த ஒரு நல்ல காரியம்

உளவியல் ஆய்வு என்றால் இதழில் வந்து, மாநாட்டில் கைதட்டு வாங்கி, அதோடு சரி என்று நினைப்பவர்கள் உண்டு. கோவாவில் நடந்ததைப் பாருங்கள். மனநலத்துக்காக வேலை செய்யும் சங்கத் என்ற தொண்டு அமைப்பினர் 10 ஆரம்ப சுகாதார நிலையங்களில், கடுமையான மனச்சோர்வு உள்ள 495 பேரைச் சேர்த்து ஆய்வு செய்தார்கள். சிகிச்சை கொடுத்தது டாக்டரோ உளவியலாளரோ இல்லை, பயிற்சி பெற்ற சாதாரண ஆட்கள். ஆறிலிருந்து எட்டு சந்திப்பு. காலை நடை, தோழி வீடு, பாதியில் விட்ட தையல் என்று நின்றுபோனதை ஒவ்வொன்றாக மறுபடி தொடங்க வைப்பதுதான் முக்கிய வேலை.

2017-இல் லான்செட் மருத்துவ இதழில் முடிவு வந்தது. இந்தச் சிகிச்சை பெற்றவர்களில் 64 சதவீதம் பேருக்கு மூன்று மாதத்தில் மனச்சோர்வு அடங்கியிருந்தது. வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்தவர்களில் 39 சதவீதம்.

எண்களை விட எனக்குப் பிடித்தது வேறு. அந்த ஆலோசகர்கள் தங்கள் சந்திப்புகளை ஒலிப்பதிவு செய்து, குழுவாக உட்கார்ந்து கேட்டு, ஒருவருக்கொருவர் மதிப்பெண் போட்டார்கள். பட்டம் வாங்கிய உளவியலாளர்களான நாம் கதவைச் சாத்திக்கொண்டு பேசுவதை யார் கேட்கிறார்கள், சொல்லுங்கள்!

சென்னையில் மாதம் ஒருமுறை, நம்மிடம் சிகிச்சைக்கு வருபவர்களின் அனுமதியோடு, நம் ஒலிப்பதிவுகளை இப்படிக் கூடிக் கேட்க யாராவது தயாரா? இன்பாக்ஸில் வாருங்கள். டீ என் செலவு.