பூனை ட்ரேயில் எந்த மண்ணைப் போடலாம்?

வீட்டுப் பூனை மலஜலம் கழிக்க ட்ரேயில் நிரப்பும் மண்தான் கேட் லிட்டர். அதை வாங்கப் போனால் லாவண்டர், எலுமிச்சை என்று வாசனை போட்ட பைகள்தான் முதலில் கண்ணில் படும். அந்த வாசனை நம் மூக்குக்குத்தான். பூனைக்கு நம்மைவிடப் பல மடங்கு கூர்மையான மூக்கு என்பதால் அதே வாசனை தொல்லையாகிவிடும். பெரும்பாலான பூனைகள் விரும்புவது பாதத்தில் குத்தாத, பொடியான, வாசனை சேர்க்காத மண். ட்ரேயை விட்டுவிட்டு மெத்தையில் போகிற பூனையை அதட்டிப் பயனில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்தால், அடுத்து மண்ணைத்தான் மாற்றிப் பார்க்க வேண்டும்.

சென்னை போன்ற கடலோர ஊரில், ஃபிளாட்டில் வளரும் பெரிய பூனைக்கு எங்கள் முதல் தேர்வு கட்டியாகும் பென்டோனைட். குஜராத்தின் கட்ச் பகுதியில் ஏராளமாக வெட்டியெடுக்கப்படும் களிமண் இது. இதில் சோடியம் வகை, ஈரம் பட்டால் பல மடங்கு உப்பி இறுகும். சிறுநீர் பட்ட இடம் மட்டும் உருண்டையாகிவிடுவதால் அதை அள்ளிவிட்டு மீதியை அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

“கட்டியே ஆகவில்லை, அடியில் சேறாக ஒட்டுகிறது” என்ற புகார் அடிக்கடி வரும். முக்கால்வாசி நேரம் காரணம் ஆழம் போதாததுதான். உருண்டை இறுகுவதற்குள் சிறுநீர் ட்ரேயின் அடியைத் தொட்டுவிடுகிறது. ஆழம் 6 முதல் 7 செ.மீ. இருக்க வேண்டும். 50-க்கு 40 செ.மீ. ட்ரேயில் அந்த ஆழத்துக்குக் குறைந்தது 12 லிட்டர் மண் பிடிக்கும். எடையில் ஏறக்குறைய 10 கிலோ. ஒரே ஒரு 5 கிலோ பையைக் கொட்டினால் பாதி ஆழம்தான் தேறும். பூனை போன கையோடு அள்ளவும் கூடாது. இருபது நிமிடம் விட்டு, ஸ்கூப்பை உருண்டைக்கு அடியில் செருகித் தூக்குங்கள். மேலிருந்து சுரண்டினால் உடைந்து, அந்தத் தூள் ட்ரே முழுக்கக் கலந்து நாறும். அள்ளியதைக் கழிப்பறையில் போடவே கூடாது, குழாய்க்குள் உப்பி அடைத்துக்கொள்ளும்.

பென்டோனைட்டின் குறை தூசி. வீட்டில் யாருக்காவது, அல்லது பூனைக்கே, ஆஸ்துமா இருந்தால் டோஃபு மண் நல்லது. சோயாச் சக்கையில் செய்வதால் எடையும் தூசியும் குறைவு. ஆனால் ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்றில் திறந்த பை பூஞ்சை பிடிக்கும், வண்டு வரும். சிறிய பையாக வாங்கிக் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். சிலிக்கா படிகம் காற்றிலுள்ள ஈரத்தையும் சேர்த்து உறிஞ்சுவதால், பையில் போட்டிருக்கும் நாள்வரை நம் ஊரில் தாங்காது, பாதத்திலும் உறுத்தும். பைன் மரத்தூளை அழுத்திச் செய்த குச்சி மலிவு, ஆனால் ஈரத்தில் உதிரும் தூளைப் பிரிக்கச் சல்லடை ட்ரே வேண்டும். கட்டுமான மணல் கட்டியாகாது, நாற்றத்தையும் பிடித்து வைக்காது.

நான்கு மாதம் ஆகாத குட்டிக்குக் கட்டியாகும் மண் வேண்டாம், வாயில் போட்டு விழுங்கினால் குடலில் உப்பும். கருத்தடை ஆபரேஷன் ஆன பூனைக்குத் தையல் ஆறும்வரை கிழித்த செய்தித்தாள் போதும்.

புது மண்ணுக்கு மாறும்போது ஒரேயடியாக மாற்றாதீர்கள். மூன்று நாளைக்கு ஒருமுறை கால் பங்காகக் கலந்துகொண்டே வாருங்கள். ட்ரேயை மாதம் ஒருமுறை காலி செய்து, சாதாரண சோப்பு போட்டுக் கழுவி, வெயிலில் காயவைக்கலாம். பினாயில் ஊற்றாதீர்கள், அதிலுள்ள ஃபீனால் வகைகளைப் பூனையின் கல்லீரலால் சரியாக வெளியேற்ற முடியாது. ப்ளீச்சிங் பவுடரும் வேண்டாம், சிறுநீரின் அம்மோனியாவோடு சேர்ந்து நச்சுப் புகை வரும். கர்ப்பிணிகள் ட்ரே வேலையை வேறொருவரிடம் விட்டுவிடுங்கள். கருவைப் பாதிக்கக்கூடிய டாக்ஸோபிளாஸ்மா கிருமி பூனையின் மலத்தில் வெளியேறி ஒரு நாளுக்குப் பிறகே தொற்றும் நிலைக்கு வரும் என்பதால், தினமும் அள்ளுவது வீட்டில் எல்லோருக்கும் பாதுகாப்பு.

பென்டோனைட்டை நாங்கள் முதலில் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தினமும் எத்தனை உருண்டை, என்ன அளவு என்று கண்ணால் பார்க்க முடிகிறது. உருண்டைகள் திடீரெனப் பெரிதானால் சிறுநீரகக் கோளாறோ சர்க்கரை நோயோ இருக்கலாம். சின்னச் சின்னதாகப் பல இருந்தால் சிறுநீர்ப்பை அழற்சியாக இருக்கலாம். கடுவன் பூனை ட்ரேயில் திரும்பத் திரும்பப் போய் முக்கியும் ஓர் உருண்டைகூட இல்லை என்றால் சிறுநீர்ப் பாதை அடைத்திருக்கக்கூடும். விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.