அல்மாஊன் பாடம்

இன்று மக்ரிப் தொழுகையில் விரிப்பின் கோட்டில் கால் வைத்ததும் இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நகரத்து மார்க்க அறிஞர் அஹ்மத் தஹ்லான் நினைவுக்கு வந்தார். கிப்லா, அதாவது தொழும்போது முகம் நோக்கும் மக்கா திசை, பிசகியிருக்கிறது என்று அவர் சொல்ல, பெரிய பள்ளிவாசல் தரையில் புதிதாகக் கோடுகள் போடப்பட்டன. அதை ஏற்காதவர்களின் கோபம் அவருடைய சொந்தத் தொழுகைக்கூடத்தையே இடித்துத் தள்ளியது! 1912இல் முஹம்மதியா என்ற இஸ்லாமியச் சீர்திருத்த இயக்கத்தைத் தொடங்கியவர் இவர்தான்.

எனக்கு மிகவும் பிடித்தது அவருடைய வகுப்பு. அனாதையை விரட்டுபவனைக் கண்டிக்கும் அல்மாஊன் என்ற குர்ஆன் அத்தியாயத்தையே நாள்தோறும் நடத்துவாராம். மனப்பாடமாகிவிட்டதே என்று மாணவர்கள் சலித்துக்கொள்ள, அதன்படி நடந்தீர்களா என்று கேட்டாராம். ஏழைகளைத் தேடிப்பிடித்து, சோப்புப் போட்டுக் குளிக்கவைத்து, உடையும் சோறும் கொடுத்துவிட்டு வரச்சொல்லி அனுப்பினாராம்.

ஏழே வசனங்கள். சிறுவயதிலிருந்து ஓதுகிறேன். இன்று ஓதும்போது நாக்கு தயங்கியது.