அரை ஆள்

லண்டனில், உள்ளூராட்சி மன்றமான கவுன்சிலிடம் வாடகை வீடு கேட்டுப் போயிருந்தோம். அலுவலகத்தில் இருந்த பெண் நெரிசல் கணக்கைச் சொல்லி முடித்ததும் நான் மகளைத் திரும்பிப் பார்த்தேன். ஆறு வயது. கதிரையில் முழங்காலிட்டு நின்று, மேசையில் கிடந்த பேனாக்களை நிறம் பார்த்து அடுக்கிக்கொண்டிருந்தாள். கை, கால், மூக்கு, முன்பல் இரண்டைத் தவிர எல்லாம் முழுதாகத்தான் இருந்தன. ஆனால் சட்டப்படி அவள் அரை ஆள். மனைவியின் மடியில் தூங்கிய எட்டு மாத மகனோ ஆளே இல்லை.

காதில் சரியாக விழவில்லையோ என்று இன்னொரு தடவை கேட்டேன். அவர் சலிக்காமல் ஒரு கடதாசியில் எழுதிக் காட்டினார். பெரியவர்கள் ஆளுக்கு ஒன்று. ஒரு வயது தாண்டிப் பத்து வயது ஆகாத பிள்ளை அரை. ஒரு வயதும் ஆகாதது பூச்சியம். கூட்டினால் இரண்டரை. எங்கள் வீட்டில் ஒரு படுக்கையறை, ஒரு ஹோல். ஹோலிலும் படுக்கலாம் என்பதால் அதுவும் கணக்கில் சேரும். ஆக இரண்டு அறை. இரண்டு அறைக்கு மூன்று பேர் வரை இருக்கலாம். நீங்கள் இரண்டரைப் பேர்தானே என்றார். அதாவது இன்னும் அரை ஆளுக்கு எங்கள் வீட்டில் இடம் இருக்கிறது.

ஊரில் பஸ்ஸில் அரை டிக்கெட் எடுத்து வளர்ந்தவன்தான் நான். ஆனால் நடத்துநர்கூட டிக்கெட்டைத்தான் அரை என்பார், என்னை அல்ல.

பிறகு தேடிப் படித்தேன். இந்த அளவு 1935ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்தது. 1985இல் வீட்டுவசதிச் சட்டத்தை மறுபடி எழுதியபோது அப்படியே தூக்கி வைத்துவிட்டார்கள். அறையின் பரப்புக்கும் தனிக் கணக்கு உண்டு. 50 சதுர அடிக்குக் குறைந்தால் அது அறையே அல்ல. 50க்கும் 70க்கும் இடைப்பட்டால், அது அரை ஆளுக்கான அறை. அரை ஆள், அவருக்கென்று ஓர் அறை. இதை எழுதியவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஒரு நிமிடமாவது சிரித்திருக்க மாட்டாரா?

நல்ல காலத்துக்கு இன்னொரு கணக்கும் இருந்தது. ஹோலைச் சேர்க்காமல், கணவன் மனைவிக்கு ஓர் அறை, பிள்ளைகளுக்கு ஓர் அறை என்று பார்த்தால் எங்களுக்கு ஒன்று குறைவு. அதை வைத்து, காத்திருப்போர் பட்டியலின் நடுவரிசையில் பெயரைப் போட்டார்கள். அதற்கே ஒரு கோப்பு நிறையக் கடதாசி கேட்டார்கள். விசா, சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு, பிறப்புச் சான்றிதழ், இதே இடத்தில் ஐந்து வருஷம் இருந்ததற்கான அத்தாட்சி. ஊரில் என்றால் கிராம அலுவலரான விதானையாரிடம் போய் வெற்றிலைத் தட்டு மணக்க உட்கார்ந்து ஒரு கடிதம் வாங்கினால் முடிந்தது என்று மனைவியிடம் சொன்னேன். “அவர் வீட்டில இருக்கிற நாளாப் பாத்துப் போகவேணுமே” என்றாள்.

இது 2020 பெப்ரவரியில். அடுத்த மாதமே நாடு முழுக்கப் பூட்டப்பட்டது. இரண்டரைப் பேரும் இரண்டு அறைக்குள். ஜூனில் மகனுக்கு ஒரு வயதானது. பூச்சியத்திலிருந்து அரைக்கு உயர்ந்தான். மொத்தம் மூன்று. சட்டப்படி வீடு தளும்பாமல் நிரம்பியது.

சரி, பெயர் பதிந்தாயிற்று, வீடு எப்படிக் கிடைக்கும் என்று அம்மா தொலைபேசியில் கேட்டார். வாராவாரம் காலியான வீடுகளை இணையத்தில் போடுவார்கள், நாங்கள் பிட் போடவேண்டும் என்றேன்.

“பிட் எண்டால் என்னடா?”

“ஏலம் கேக்கிற மாதிரி அம்மா.”

“எவ்வளவுக்குக் கேட்டனி?”

“காசு இல்லை. இது காசில்லாத ஏலம்.”

“காசில்லாமல் ஆர் ஏலம் கூறினவை?”

அம்மாவுக்குத் தெரிந்த ஏலம் எங்கள் கோவில் மாம்பழ ஏலம். திருவிழா முடிய, பூசையில் வைத்த ஒரு மாம்பழத்துக்காகக் கனடாவிலிருந்து வந்தவரும் சுவிஸிலிருந்து வந்தவரும் முண்டியடித்துத் தொகையை ஏற்றுவார்கள். அங்கே மடியில் காசு உள்ளவன் வெல்வான். இங்கே கஷ்டம் அதிகம் உள்ளவன் வெல்வான். கஷ்டம் சமமானால், அதிக காலம் காத்திருந்தவன். ஒவ்வொருவரும் தம் கஷ்டத்தை ஏற்றிக் கேட்கும் ஏலம் என்றால் அம்மாவுக்கு விளங்கியிருக்கும். அப்போது அது எனக்கே தோன்றவில்லை.

பிட் போட்டதும் திரையில் ஓர் எண் வரும். நாங்கள் அந்த வீட்டுக்கு எத்தனையாவது ஆள் என்று. 214. 187. ஒரு தடவை 96 வந்தபோது மனைவி பாயசம் வைத்தாள்.

இந்த வீடு தேடும் கதையில் எனக்கு மிகவும் வயிற்றெரிச்சல் தந்த விஷயம் வேறு. நாங்கள் வாடகைக்கு இருப்பதே கவுன்சில் கட்டிய மாடிக் கட்டடத்தில்தான். 1980இல் தட்சர் அரசாங்கம் கொண்டுவந்த சட்டத்தின்படி, கவுன்சில் வீட்டில் குடியிருந்தவர்கள் அதையே கழிவு விலைக்கு வாங்கலாம் என்று ஆனது. அப்படி யாரோ வாங்கி, அது கைமாறிக் கைமாறி எங்கள் வீட்டுக்காரரிடம் வந்திருக்கிறது. நான் மாதம் 1,450 பவுண்ட் கட்டினேன். எதிர்க் கதவில் ஒரு வயதான ஐரிஷ்காரர், இன்னும் கவுன்சில் குடியிருப்பாளர். அவருக்கு வாரம் 115. அதே சுவர், அதே ஜன்னல், அதே ஒழுகும் குழாய். அவருடையது ஒழுகினால் கவுன்சில் ஆள் அனுப்பும். என்னுடையது ஒழுகினால் நான் வாளி வைப்பேன். நல்ல மனிதர். நத்தாருக்குப் பிள்ளைகளுக்குச் சொக்லேட் தருவார். ஆனாலும் படியில் அவரைக் காணும்போதெல்லாம் என் மனம் 1,450ஐ நாலே காலால் வகுத்துக்கொண்டிருந்ததை மறைக்க விரும்பவில்லை.

‘கட்டுப்படியாகும் வாடகை’ என்றும் ஒரு வகை இருக்கிறது. 2011 அளவில் வந்தது. சந்தை வாடகையில் 80 சதவீதம் வரை கேட்கலாம். லண்டன் சந்தையில் 80 சதவீதம் யாருக்குக் கட்டுப்படி என்று அதற்குப் பெயர் வைத்தவர் சொல்லவில்லை.

ஒரே ஒரு தடவை வீடு பார்க்கக் கூப்பிட்டார்கள். நாங்கள் நான்காவது. மூன்று குடும்பம் வேண்டாம் என்றால் எங்களுக்கு. மூன்றாம் மாடி, லிப்ட் இல்லை. படியில் நான்கு குடும்பங்களும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் நின்றோம். கதவைத் திறந்ததும் ஈரச் சுண்ணாம்பு வாசம். தரையில் கம்பளம் இல்லை, வெறும் பலகை. குசினியில் அடுப்பு இருந்த இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கின் சதுரம் மட்டும் இருந்தது. கவுன்சில் வீடு அப்படித்தான் தருவார்கள். அடுப்பு முதல் விளக்கு மூடி வரை நாமே வாங்கவேண்டும். மனைவி நேரே நடைபாதையிலிருந்த அலுமாரியைத் திறந்தாள். சுடுதண்ணீர்த் தொட்டி இருக்கும் சின்ன அலுமாரி. உள்ளே தலையை விட்டுப் பார்த்துவிட்டு என் காதில், “மேல் தட்டில சாமி வைக்கலாம், கிழக்குப் பக்கம்தான்” என்றாள். நான் கைப்பேசியில் திசைகாட்டியைத் திறந்து பார்த்தேன். கிழக்கேதான்.

முதலாவதாக நின்றது ஒரு சோமாலியப் பெண். மூன்று பிள்ளைகள். ஜன்னலைத் திறந்து கீழே பார்த்தார், மூடினார், அதிகாரியிடம் சம்மதமாகத் தலையை ஆட்டினார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. இறங்கும்போது மனைவி பேசவில்லை. பஸ் நிறுத்தத்தில்தான் சொன்னாள்: “அவ அந்த அலுமாரியில உடுப்பு வைப்பா.”

டாகன்ஹாமில் நண்பர் ஒருவர் இருக்கிறார். பெக்கன்றி குடியிருப்பு. 1921இல் தொடங்கி 1935 வரை, லண்டன் கவுண்டி கவுன்சில் சுமார் 26,000 வீடுகளை அங்கே கட்டி முடித்தது. முன்னால் சிறு தோட்டம், இடுப்பளவு பச்சை வேலி. அந்தக் காலத்தில் குடியிருப்பாளர்கள் அந்த வேலியைக் கத்தரித்து ஒழுங்காக வைத்திருக்கவேண்டும் என்று விதியே இருந்ததாம். நண்பருக்கும் பக்கத்து வீட்டாருக்கும் அந்த வேலியில்தான் தகராறு. வேலி அரை அடி இந்தப் பக்கம் நகர்ந்துவிட்டதாக அவர் சொல்ல, எனக்கு எங்கள் ஊர்க் கிளுவை வேலியும், பூவரசங்கதியால் நடும்போது பெரியப்பாவும் அப்பாவும் பேச்சை நிறுத்திக்கொண்ட வருஷங்களும் வந்து நின்றன. ஒன்று கவனித்தேன். மனிதரை அரையாக எண்ணிய அதே 1935இல், இவர்கள் 26,000 வீடும் கட்டி முடித்திருக்கிறார்கள். இப்போது எண்ணுவது மட்டும்தான் நடக்கிறது.

இதெல்லாம் பழகிவிட்டது என்று எல்லோரிடமும் சொல்வேன். பழகியும்விட்டது. ஹோலில் சோபாக்கட்டிலை விரிக்க எந்தக் கதிரையை முதலில் நகர்த்தவேண்டும் என்று இருட்டிலும் எனக்குத் தெரியும். ஆனால் விரித்துப் படுத்த பிறகு, கூரையைப் பார்த்துக்கொண்டு, இன்னொரு வீட்டின் ஆட்களைத்தான் எண்ணுவேன்.

1995 ஒக்ரோபர் 30. எனக்கு ஒன்பது வயது. லண்டன் கணக்கில் நானே அரை ஆள். போருக்குத் தப்பி யாழ்ப்பாணமே எழும்பி மழைக்குள் நடந்த இரவு. நாவற்குழிப் பாலத்தில் அடி வைக்க இடமில்லை. சைக்கிளில் கட்டிய மூட்டைமேல் தங்கச்சி, அம்மம்மாவின் கையில் ஒரு குத்துவிளக்கு. ஏன் அதை எடுத்தார் என்று இன்றும் தெரியாது. விடிந்து, பிறகும் நடந்து, மட்டுவிலில் அப்பாவுக்குத் தெரிந்த ஒருவரைத் தெரிந்த ஒருவருடைய வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். மூன்று அறை, ஒரு விறாந்தை. எங்களுக்கு முன்பே ஆறு குடும்பங்கள். வீட்டுக்கார அம்மா குசினி வாசலில் நின்று, “எத்தினை பேர்?” என்று கேட்டார். அப்பா கூச்சத்தோடு, “நாங்கள் அஞ்சு பேர்” என்றார். அந்த அம்மா உள்ளே திரும்பி, “இன்னும் அஞ்சு பேருக்கு உலை வை பிள்ளை” என்றார். அதற்குத்தான் எண்ணினார்.

மூன்று அறைக்கு ஐந்து பேர் என்பது 1935ஆம் ஆண்டு அளவு. நாங்கள் முப்பத்திரண்டு பேர் என்று ஞாபகம். முப்பத்துநாலாகவும் இருக்கலாம், ஓர் இரவில் இரண்டு பேர் கூடுவார்கள், குறைவார்கள். ஆண்களுக்கு விறாந்தை, பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் உள். ஆறு மாதம் அங்கே கத்தரிக்காய்க் கறியும் சோறும் தின்றேன். மட்டுவில் கத்தரிக்காய் பேர்போனது என்பார்கள். எனக்கு இன்றும் அது கண்ணில் படக்கூடாது.

2023 நவம்பரில் மகளுக்குப் பத்து வயது. சட்டப்படி முழு ஆள். கேக் வெட்டுவதற்கு முதல் நாள் நான் கவுன்சிலின் ‘சூழ்நிலை மாற்றம்’ படிவத்தை நிரப்பினேன். இரண்டு, ஒன்று, அரை: மொத்தம் மூன்றரை. ஒருவழியாகச் சட்டப்படி நெரிசலாகிவிட்டோம். நெரிசலாகக் குடியிருப்பது அந்தச் சட்டத்தில் குற்றமும்கூட. ஆனால் பிள்ளை பத்து வயதைத் தொட்டதால் நெரிசலானால், முன்கூட்டியே வீட்டுக்கு விண்ணப்பித்தவருக்கு மன்னிப்பு உண்டு. பிள்ளை வளர்ந்ததற்கு மன்னிப்பு.

தொலைபேசியில் வந்த அதிகாரி ஒரு யோசனையும் சொன்னார். படுக்கையறைக் கணக்கில், பத்து வயதான அக்காவுக்கும் தம்பிக்கும் தனித்தனி அறை வேண்டும் என்பதை இப்போதைக்குச் சமாளிக்கலாமாம். நானும் மகனும் ஹோலில், மனைவியும் மகளும் அறையில். இங்கிலாந்துச் சட்டம் சுற்றிச் சுழன்று மட்டுவில் விறாந்தைக்கு வந்துவிட்டது என்று நினைத்தேன். அவரிடம் சொல்லவில்லை.

இதில் ஒரு சிக்கல். வரிசையில் ஒரு படி உயர்ந்தோம். ஆனால் மகளுக்கும் மகனுக்கும் தனியறை வேண்டும் என்பதால் இனி எங்களுக்கு மூன்று படுக்கையறை வீடு. அப்படி வீடு காலியாவதே அபூர்வம். இரண்டறை வீட்டுக்கு 11ஆவது ஆளாக ஊர்ந்து வந்திருந்தோம். மூன்றறைக்கு முதல் பிட்டில் 168.

பிறந்தநாளுக்குக் கொவன்றியிலிருந்து மனைவியின் ஒன்றுவிட்ட அண்ணர் குடும்பம் வந்து இரவு தங்கியது. அவர், அண்ணி, பன்னிரண்டு வயது மகன், ஐந்திலும் மூன்றிலும் இரண்டு பெண்கள். கதிரைகளை நகர்த்தி, சோபாக்கட்டிலை விரித்து, மிச்ச இடத்தில் பாய் போட்டோம். பதினொரு மணிக்கு, ஊரில் அம்மா எழும்பி முற்றம் கூட்டும் நேரம் என்று வீடியோவில் கூப்பிட்டேன். மகள் கைப்பேசியைப் பிடுங்கி, படுத்திருந்தவர்களை ஒவ்வொருவராக அப்பம்மாவுக்குக் காட்டி, விரலால் தொட்டு எண்ணிக்கொண்டு போனாள். என்னிடம் கற்ற கணக்கு. சின்னவர்கள் மூவருக்கும் அரை அரையாகப் போட்டாள். தன்னிடம் வந்ததும் நெஞ்சில் கையை வைத்து உரத்து “ஒண்டு” என்றாள்.

“எல்லாமா ஏழரை, அப்பம்மா.”

விளக்குமாற்றுச் சத்தம் நின்றது.

“சீ, விடியக் காத்தால அந்த எண்ணைச் சொல்லாதை பிள்ளை. ஒன்பது எண்டு சொல்லு.”