மைக்கை அணைத்து வைத்து ஆங்கிலம் படித்த கதை

தண்டையார்பேட்டையில் எங்கள் வீடு ஓர் அறையும் ஒரு சமையற்கட்டும்தான். ஆங்கிலத் திறனைச் சோதிக்கும் ஐஇஎல்டிஎஸ் தேர்வுக்கான ஆன்லைன் வகுப்பு இரவு எட்டு மணிக்கு. அம்மா குக்கர் வைப்பதும், துறைமுகம் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக ஹாரன் அடிப்பதும் அதே நேரத்தில். வெட்கப்பட்டு மைக்கையும் கேமராவையும் அணைத்துவிடுவேன். வருகைப் பதிவு மட்டும் நூற்றுக்கு நூறு! வகுப்பின் வீடியோ இருக்கிறதே, ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளியதில் இரண்டு மாதத்தில் பார்க்காத வீடியோக்கள் பதினேழு.

மாதிரித் தேர்வில் சாயம் வெளுத்தது. எழுத்துத் தேர்வுக்கு 60 நிமிடம், இரண்டு கேள்விகள். முதலாவதற்குக் குறைந்தது 150 சொற்கள், இரண்டாவதற்கு 250. இரண்டாவதற்குத்தான் இருமடங்கு மதிப்பு. நானோ முதல் கேள்வியிலேயே 35 நிமிடத்தைத் தொலைத்தேன். இருபது, நாற்பது என்று பிரிக்கும்படி ஆசிரியர் முதல் வாரமே சொல்லியிருந்தார். காதில் விழுந்ததுதான், கடிகாரம் வைத்து ஒருமுறையும் எழுதிப் பார்க்கவில்லை.

பழைய வீடியோக்களை அன்றே கைகழுவினேன். அன்றன்றைய வகுப்பிலிருந்து ஒரே ஒரு கேள்வி, மறுநாள் காலை ஐந்தரைக்கு மொட்டை மாடியில். 'தினம் இரண்டு மணி நேரம்' என்ற சபதமெல்லாம் நம் வீடுகளில் தண்ணீர் லாரி வரும்வரைதான் தாங்கும்.

பேச்சுத் தேர்வின் இரண்டாம் பகுதியில் ஒரு நிமிடம் யோசித்து, இரண்டு நிமிடம் வரை பேச வேண்டும். பழைய கட்டடம் ஒன்றைப் பற்றி என்று கேள்வி. ராயபுரம் ரயில் நிலையத்தை எடுத்துக்கொண்டேன். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-இல் அங்கிருந்துதான் கிளம்பியது. செல்போனில் பதிவு செய்து கேட்டால், 'டிட் வென்ட்' மூன்று இடத்தில், 'ஆக்சுவலி' பதினோரு முறை, 'ஃபர்ஸ்ட்' எல்லாம் 'பர்ஸ்ட்'. துணி காயப்போட வந்த பக்கத்து வீட்டு அக்கா, யாரோடு சண்டை என்று கேட்டார்.

அந்தப் பிழைகளை நாற்பது பக்க நோட்டில் எழுதினேன். இடப்பக்கம் நான் சொன்னது, வலப்பக்கம் சொல்லியிருக்க வேண்டியது. வகுப்பு தொடங்குமுன் வலப்பக்கத்தை மறைத்துக்கொண்டு பார்ப்பேன். சரியாக வந்தால் மூன்று நாள் கழித்து, பிறகு ஒரு வாரம் கழித்து. தவறினால் மறுநாளே. மைக்கைத் திறந்ததும் அதற்குப் பிறகுதான். குக்கர் விசிலை யாரும் பொருட்படுத்தவில்லை.

அசல் தேர்வில், ஒன்பதுக்குப் பேச்சில் 6.5 கிடைத்தது, எழுத்தில் 5.5தான். மறுபடி எழுதப் போகிறேன். நோட்டில் இன்னும் பன்னிரண்டு பக்கம் மீதி.