உமி யாருடையது?

சீமெந்தோடு கலந்து பார்க்கும் உமிச்சாம்பலை எடுக்க, அம்பாறை மாவட்டத்தின் சம்மாந்துறைப் பக்கத்து அரிசி மில்லுகளுக்கு முதன்முதலாகப் போகும் மாணவர்களிடம் நான் ஒன்றைச் சொல்லியே அனுப்புவேன்: சாம்பல் தருவீர்களா என்று கேட்க முதல், இப்போது அது எங்கே போகிறது என்று கேளுங்கள். ஏதோ மரியாதைக்குச் சொல்கிறேன் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். போய்வந்த பிறகு அவர்களுடைய ஆய்வுத் தலைப்பே மாறிவிடுவதும் உண்டு.

நான் வேலை செய்வது மட்டக்களப்பில், கட்டடப் பொருள்களைச் சோதிக்கும் சிறிய ஆய்வுகூடம் ஒன்றில். கொங்கிரீட் கட்டியை நசுக்கிப் பார்ப்பது, மண்ணைச் சலித்துப் பார்ப்பது, ஆற்று மணல் என்று விற்றதில் உப்பு எவ்வளவு என்று பார்ப்பது, இவைதான் அன்றாட வேலை. இடையிடையே சீமெந்தைக் குறைத்துக் கட்டுவதற்கான ஆய்வுகளும் வரும். சம்பளத்துக்கு முதலாவது, மனசுக்கு இரண்டாவது.

காலநிலை பற்றிப் பேசத் தொடங்குகிற எந்தக் கட்டடக்காரரும் கடைசியில் சீமெந்திடம் வந்து நிற்க வேண்டியிருக்கிறது. உலகம் வெளிவிடும் காபனீரொட்சைட்டில் 7 முதல் 8 சதவீதம் வரை சீமெந்துத் தொழிலில் இருந்து வருகிறது. சூளைக்கு நிலக்கரி போடாமல் வேறெதையாவது எரித்தால் தீர்ந்துவிடாதா என்று கேட்பார்கள். தீராது. அந்த வாயுவில் பாதிக்கு மேல் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளேயே இருக்கிறது; எதைப் போட்டு எரித்தாலும், கல் வெந்தால் அது வெளியே வந்தே ஆகும். ஆக, வேகவைக்கும் கல்லைக் குறைக்க வேண்டும், குறைத்த இடத்துக்கு வேறெதையாவது கலக்க வேண்டும். கிழக்கு மாகாணத்துக்காரருக்கு இதில் இன்னொரு கணக்கும் உண்டு. காங்கேசன்துறை ஆலை 1990இல் நின்றுபோன பிறகு, கல்லைச் சுட்டுக் கிளிங்கர், அதாவது அரைத்தால் சீமெந்தாகும் கட்டி, எடுக்கும் வேலை நாட்டிலே புத்தளத்தில் மட்டும்தான் நடக்கிறது. மிச்சம் கப்பலில் வருகிறது. நாம் பூசும் ஒவ்வொரு சட்டிச் சாந்தும் எங்கோ தூரத்தில் வெந்த கல்.

இந்த இடத்தில்தான் உமி வருகிறது. 1949இல் தொடங்கிய கல்லோயா நீர்ப்பாசனத் திட்டத்துக்குப் பிறகு அம்பாறை நாட்டின் பெரிய நெற்களஞ்சியங்களில் ஒன்றாகிவிட்டது. நூறு கிலோ நெல் குத்தினால் ஏறக்குறைய 20 கிலோ உமி. அதை எரித்தால் 4 கிலோ அளவில் சாம்பல். அந்தச் சாம்பலில் 85 முதல் 95 சதவீதம் வரை சிலிக்கா. நெற்பயிர் மண்ணிலிருந்து சிலிக்காவை உறிஞ்சி உமியில் சேர்த்துவைக்கிறது. உமியைக் கையில் தேய்த்தால் அறுப்பது அதனால்தான். சீமெந்து நீரோடு சேரும்போது மிஞ்சுகிற சுண்ணாம்பை இந்தச் சிலிக்கா பிடித்து மறுபடி பசையாக்கிவிடும். சீமெந்தில் பத்து, பதினைந்து சதவீதத்தை எடுத்துவிட்டு நல்ல சாம்பலைப் போட்டால் வார்த்து 28ஆம் நாள் நசுக்கிப் பார்க்கும் வலிமையில் குறைவு தெரியாது. கரையோர மக்களுக்கு இதைவிடப் பெரிய பயன், கொங்கிரீட்டின் நுண்துளைகள் அடைபடுவது. காத்தான்குடியில் இருந்து கல்முனை வரை கடற்கரை வீதியால் போய்ப் பாருங்கள். தாழ்வாரத் தட்டுகளின் அடியில் கம்பி துருவேறி வீங்கி, பூச்சைத் தள்ளிக்கொண்டு நிற்கும். உள்ளே போகும் உப்பைத் தாமதப்படுத்தும் எதுவும் எங்களுக்குக் காசுதான்.

இவ்வளவும் படித்துவிட்டு மில்லுக்குப் போனால் முதலில் தெரியவருவது, உமி அங்கே சும்மா கிடக்கவில்லை என்பது. புழுங்கல் அரிசி போடும் மில்லில் நெல் அவிக்கும் போயிலருக்கு உமிதான் விறகு. மிஞ்சினால் செங்கல் சூளைக்காரர் உழவு இயந்திரத்தோடு வந்து நிற்பார். கோழிப் பண்ணைக்காரர் தரையில் பரப்ப மூட்டை மூட்டையாக ஏற்றுவார். ஆய்வு அறிக்கைகளில் மட்டும் அது 'பயன்படாத விவசாயக் கழிவு' என்று இருக்கிறது. நாங்கள் உமியை எடுத்தால் நெல் அவிக்க மில்லுக்காரர் காட்டு விறகு வாங்குவார். அப்போது மிச்சம் பிடித்த காபன் எங்கே போனது? ஆகவே உமியைத் தொடக்கூடாது, எரிந்து முடிந்த சாம்பலைத்தான் கேட்கலாம் என்பது எங்கள் ஆய்வுகூடத்தில் எழுதாத சட்டம்.

சாம்பலுக்கும் சொந்தக்காரர் உண்டு. எனக்குப் பழக்கமான மில் முதலாளி, ஒரு ஹாஜியார், முதலில் ஒரு வருடத்துக்கு மேல் சும்மா அள்ளிக்கொண்டு போகவிட்டார். கொட்டுவதற்கு இடமில்லாமல் அவருக்கும் தலையிடிதான். பிறகு நாங்கள் தராசு கொண்டுவந்து நிறுக்கத் தொடங்கியதும் விலை சொன்னார். நான் சிரித்துவிட்டேன். "நீங்க வந்து கேக்கிற வரைக்கும் அது குப்பதான் மகள். தராசு வெச்சா அது சாமான்," என்றார். பொருளாதாரம் படித்தவர் யாரும் எனக்கு இதை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லித் தந்ததில்லை. அவர் விலை சொன்னது நல்லதென்றே நினைக்கிறேன். இனாமாகக் கிடைப்பதை நம்பி ஒரு கட்டடப் பொருளைச் செய்ய முடியாது. விலை இருந்தால்தான் மழை படாமல் மூடிவைக்கச் சொல்லிக் கேட்கலாம்.

சாம்பலின் தரம் இருப்பது போயிலர் பார்க்கிறவர் கையில். 500 முதல் 700 பாகை செல்சியஸ் வரை, காற்று நன்றாகப் பட்டு எரிந்தால் வெள்ளையும் சாம்பல் நிறமுமாய், வேதியியலில் சுறுசுறுப்பான சிலிக்கா கிடைக்கும். 800ஐத் தாண்டிக் கொதித்தால் அது பளிங்காக இறுகிவிடும். சுண்ணாம்போடு சேராது, மணல் போலச் சும்மா நிற்கும். அந்தத் தூசி நுரையீரலுக்கும் கேடு. காற்றுப் போதாவிட்டால் கரி மிஞ்சிக் கறுப்பாக வரும். கரி தண்ணீரைக் குடிக்கும். கலவை இறுக, மேசன் அண்ணன்மார் இன்னும் ஒரு வாளி ஊற்றுவார்கள். வலிமை அங்கேயே போச்சு. மில்லுக்கு வேண்டியது நீராவி. சாம்பலின் நிறம் அவர்களுக்கு ஒரு பொருட்டில்லை, பொருட்டாக இருக்க நியாயமும் இல்லை. அவசரத்துக்கு உமியைக் கூடத் தள்ளுவார்கள், சூட்டைத் தணிக்கத் தண்ணீர் அடிப்பார்கள், அள்ளும்போது மண்ணும் உரப்பை நாரும் சேர்ந்து வரும். ஒரே மில்லில் திங்கட்கிழமை எடுத்ததும் வெள்ளிக்கிழமை எடுத்ததும் இரண்டு வேறு பொருள்கள். ஆய்வுக் கட்டுரைகளில் வரும் சாம்பல் மின்சார உலையில் எரித்த சாம்பல். அதைப் போட்டு ஒரு வீடும் கட்டப்போவதில்லை.

அதனால் எங்கள் வேலையின் பெரும்பகுதி கலவை விகிதம் கண்டுபிடிப்பதில் போகவில்லை, சாம்பலைத் தரம் பிரிக்கும் எளிய வழி தேடுவதில்தான் போனது. உலையில் மறுபடி சுட்டு எடை எவ்வளவு குறைகிறது என்று பார்த்தால் கரியின் அளவு தெரியும். மில்லில் உலை ஏது? நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்க ஒரு அட்டை செய்தோம். அட்டையை வாங்கிப் பார்த்த போயிலர்காரத் தம்பி, "இது என்னத்துக்கு அக்கா, கையில தேச்சாலே தெரியுமே," என்று விரலில் தேய்த்துக் காட்டினார். அவர் விரல் சொன்னதும் உலை சொன்னதும் பெரும்பாலும் ஒத்துப்போயின. இப்போது அட்டையைவிட அவரைத்தான் நம்புகிறோம். முகக்கவசம் போடச் சொல்லித்தான் இன்னும் அவரோடு மல்லுக்கட்டுகிறேன்.

வைக்கோல் கதையும் இதேதான், இன்னும் பழையது. 1956இல் இயங்கத் தொடங்கிய வாழைச்சேனைக் கடதாசி ஆலை வைக்கோலைக் கூழாக்கிக் கடதாசி செய்தது. இன்றைக்கு மாநாடுகளில் புதுமை என்று காட்டும் பலவற்றை எங்கள் ஊர் அப்போதே செய்து பார்த்துவிட்டது. இதில் ஒரு வேடிக்கை: நாங்கள் தேடி அலைகிற அதே சிலிக்காதான் வைக்கோல் கூழ் ஆலைகளுக்குத் தொல்லை. கழிவு நீரில் இருந்து இரசாயனத்தை மீட்டெடுக்க அது விடாது. இன்று வெட்டு மெஷின் வயல் முழுக்கச் சிதறிவிட்டுப் போகும் வைக்கோலை எரிக்கிறார்கள். பார்த்ததும் வைக்கோல் பலகை செய்யலாமே என்று தோன்றும். ஆனால் பயிர் எடுத்த பொட்டாசியத்தில் பெரும்பங்கு வைக்கோலில்தான் இருக்கிறது. 2021இல் அரசாங்கம் இரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தியபோது, அதுவரை தீ வைத்தவர்களே வைக்கோலை மண்ணுக்குத் திருப்பினார்கள். மாட்டுக்காரருக்கும் அது வேண்டும். பலகை செய்வதற்கு முன் வயலிடமும் மாட்டிடமும் கேட்க வேண்டியிருக்கிறது.

மண் கல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஐந்து முதல் எட்டு சதவீதம் சீமெந்து கலந்து, அச்சில் அழுத்தி எடுக்கும் கல். சூளை வேண்டாம், விறகு வேண்டாம். நாட்டில் அதற்கு 2009 தொட்டு எஸ்.எல்.எஸ். 1382 என்ற தரநிர்ணயமே இருக்கிறது. கடற்கரைப் பக்கம் வெறும் மணல், பசை இல்லை. வாவிக்கு மேற்கே, படுவான்கரை வயல் மண் நேரெதிர், களி கூடிக் காய்ந்ததும் வெடிக்கும். பொருந்துவது கிறவல் எனும் சரளைச் செம்மண். கிறவலுக்கு முதல் ஆள் றோட்டு. அனுமதிப் பத்திரம், லொறி, குழி, எல்லாம் றோட்டு ஒப்பந்தக்காரர் கையில். அதற்குமேல் கச்சான் காற்று. வைகாசி தொடங்கி அந்தச் சூட்டுக் காற்று மலைப்பக்கமிருந்து இறங்கினால், காலையில் அறுத்த கல் மதியத்துக்குள் மேலே வெளுத்துவிடும். மண் கல்லுக்கும் சீமெந்துக் கல்லைப் போலவே கிழமைக்கணக்கில் ஈரம் வேண்டும். கிணறு வற்றும் காலத்தில் கல்லுக்கு ஊற்றத் தண்ணீர் கேட்டால் எந்த வீட்டில் தருவார்கள்? மாரியிலோ அச்சுக்குப் போட மண் காயாது. மாரி ஓய்ந்து கச்சான் வீசுவதற்கு இடையில் கிடைக்கும் சில கிழமைகள்தான் மண் கல்லின் காலம். பெரும்போக அறுவடையும் அப்போதுதான், கூலிக்கு ஆள் கிடைக்காது. திட்டம் தீட்டுகிறவர்கள் நாட்காட்டியைக் கொழும்பிலிருந்து கொண்டுவருவதால் வரும் வினை இது.

வெளியூர்க் கட்டடக்கலைஞர்கள் வந்தால் கிடுகுக் கூரையைப் புகழ்வார்கள். குளிர்ச்சி, மண்ணோடு மண்ணாகும், எல்லாம் சரி. கொக்கட்டிச்சோலைப் பக்கம் ஒரு அம்மாவிடம் இதைச் சொன்னபோது அவர் கேட்டார், "உங்கட வீட்டுக்கு என்ன கூரை, பிள்ள?" அஸ்பெஸ்டஸ் சீற் என்றேன். அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை, நானும் பேசவில்லை. 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளியில் கூரை பறந்ததைப் பார்த்த தலைமுறை அவர். ஒன்றிரண்டு வருடத்துக்கு ஒருமுறை வேய வேண்டும்; ஓலைக்குத் தென்னை வேண்டும்; பின்னக் கை வேண்டும். தென்னந்தோட்டங்கள் காணித்துண்டுகளாகி வருகின்றன, கிடுகு பின்னும் பெண்களுக்கும் வயது போகிறது.

அஸ்பெஸ்டசைப் பற்றிச் சொன்னதால் ஒரு உபகதை. 2018 தை முதல் அதன் இறக்குமதியைக் கட்டுப்படுத்துவதாக அரசாங்கம் அறிவித்திருந்தது. 2017 மார்கழியில் இலங்கைத் தேயிலையில் வண்டு இருந்ததாகச் சொல்லி ரஷ்யா தேயிலையை நிறுத்தியது. அஸ்பெஸ்டஸ் நாரை விற்கும் பெரிய நாடும் ரஷ்யாதான். அஸ்பெஸ்டஸ் கட்டுப்பாடு தள்ளிப்போனது. எங்கள் கூரையில் என்ன இருக்க வேண்டும் என்பதை ஒரு வண்டு தீர்மானித்த கதை, பொருள்களைப் பற்றிய எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை.

2022இல் சீமெந்து மூட்டை மூவாயிரம் ரூபாயைத் தாண்டியபோது, எங்களைத் தேடி ஒருவரும் வராத ஆய்வுகூடத்துக்கு மேசன்மார் வந்தார்கள். சாம்பல் போட்டால் எவ்வளவு மிச்சம் என்பது மட்டும்தான் கேள்வி. பாதிக்குப் பாதி போடலாமா என்று கேட்டவரும் உண்டு. வேண்டாம் என்று சொல்லியே களைத்தோம். தரம் தெரியாத கறுப்புச் சாம்பலை யாரோ பூச்சில் கலந்து, அது பொரிந்து விழுந்து, அந்த வட்டாரத்தில் உமிச்சாம்பலுக்குப் பெயர் கெட்டது. சீமெந்து விலை இறங்கியதும் கூட்டமும் போய்விட்டது. விலையை நம்பி வந்த அக்கறைக்கு ஆயுள் அவ்வளவுதான்.

ஒரேயொருவர் நின்றார். கரையோரத்தில் வேலித்தூண் வார்த்து விற்பவர். உப்புக்காற்றில் தூணின் கம்பி சீக்கிரம் துருப்பிடித்து, வாங்கியவர்கள் திரும்பி வந்து சண்டை பிடிப்பது அவருக்குப் பெரிய தலையிடி. வலிமை, காலநிலை, காபன் எதைப் பற்றியும் அவர் கேட்கவில்லை. பன்னிரண்டு சதவீதச் சாம்பல் போட்டு வார்த்த தூண்களைக் கடற்கரையில் நட்டு வைத்திருக்கிறோம், பக்கத்தில் வெறும் சீமெந்துத் தூண்கள். வருடாவருடம் ஒன்றைப் பிடுங்கி உடைத்து, உப்பு எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று பார்க்கிறோம். இதுவரை சாம்பல் தூணில் உப்பு மெதுவாகத்தான் போகிறது. அவர் அதற்குக் காத்திருக்கவில்லை. விற்கிற தூணுக்கும் கலக்கத் தொடங்கிவிட்டார். ஹாஜியாரின் மில்லில் இருந்து சாம்பலை அவரே ஏற்றுகிறார், காசு கொடுத்து, போயிலர்காரத் தம்பி கையில் தேய்த்துப் பார்த்து ஒதுக்கிவைத்த மூட்டைகளை மட்டும். எங்களுக்கு அனுப்பும் மாதிரியில் கரி கூடினால் நாங்கள் அவருக்குத் தொலைபேசியில் சொல்கிறோம். போன மாதம் சொன்னபோது, தம்பி லீவில் போன கிழமை அது என்றார்.